சென்னைக் காட்சிச்சாலையின் 175-ஆம் ஆண்டும் நம் சித்திரசபையும்

சென்னை எழும்பூரில் விளங்கும் அரசினர் அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு தோன்றியது. ஆகவே 2026-ஆம் ஆண்டில் அதற்கு 175 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. இந்நாட்டுக் காட்சிச்சாலைகளுள் 1814-இற் கல்கத்தாவில் நிறுவப்பெற்றதற்கு அடுத்த பழமை இதற்கு உரியதென்பர். சென்னையில் ஒரு சாலைக்கு ஆண்டு நிறைந்தால், குற்றாலச் சாரலில் நனைந்து வாழும் நமக்கு அதனால் ஆவது யாது என்று நம்மவருட் சிலர் வினவுதல் கூடும். வினவுவாரை யாம் குறைகூறோம். எம் மாணவன் ஒருவன் ஏறத்தாழ இவ்வினாவையே அச்சாலையின் நடுவில் நின்றுகொண்டு எம்மை நோக்கிக் கேட்டான். அன்று யாம் தக்க விடை கூறமாட்டாது நின்றோம். அவ்விடையைத் தேடிச் சென்ற வழியே இக்கட்டுரை ஆயிற்று.

முதற்கண் அச்சாலையின் பிறப்பைச் சிறிது காண்போம். சென்னை இலக்கியச் சங்கத்தார் தம்மிடம் திரண்டிருந்த கற்களையும் கனிப்பொருள்களையும் மக்கள் கண்டு பயன்பெற வேண்டுமென்று 1846-இல் அரசினர்க்கு விண்ணப்பித்தனர். கும்பினி இயக்குநரின் இசைவு வந்து சேர ஆண்டுகள் சில சென்றன. 1851-இல் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் முதற் பொறுப்பாளராக அமர்ந்தார். கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மேல்மாடியில், ஏறத்தாழ 1,100 கல் மாதிரிகளோடு சாலை தொடங்கிற்று. இடம் போதாமையால் 1854-இல் எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு மாறிற்று. இன்றும் அவ்விடத்தேயே உள்ளது.

பால்பர் மக்களை ஈர்க்கும் வழி அறிந்தவர். கல்லையும் சங்கையும் காண எவர் வருவர்? ஆகவே அவர் காட்சிச்சாலை வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் கட்டி வைத்தார். புலிக்குட்டியைக் காண வந்தவர் கல்லையும் கண்டு சென்றனர். அவ்விலங்குகள் பின்னர் 1863-இல் மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பெற்றன. சாலை முதலிற் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தமையால், நகரத்துப் பாமர மக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சியை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். காணும் பொங்கலன்று வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் செத்த காலேஜுக்குச் செல்லுதல் பழைய சென்னை வழக்கம். புலவர் எவரும் இட்டிருக்கமாட்டாத அப்பெயர் அச்சாலையின் வரலாற்றை ஒரு சொல்லில் அடக்கிவிட்டது. பாமரர் மொழியை இகழ்தல் தமிழாசிரியர்க்கு அழகன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்வந்தோர் காலத்தில் அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் நாணயங்களும் படைக்கலங்களும் சேர்ந்து சாலை பெருகிற்று. 1909-இல் என்றி இர்வின் என்னும் சிற்பியார் வகுத்த விக்டோரியா நினைவு மண்டபம் அருகில் எழுந்தது; செந்நிறக் கல்லாலாகிய அம்மண்டபம் 1951-இல், சாலையின் நூற்றாண்டுவிழாக் காலத்தில், தேசியக் கலைக்கூடமாயிற்று. இரவிவர்மரின் ஓவியங்கள் அதிலேதான் மாட்டப்பெற்றிருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவர் விரிசல் கண்டு, கூடம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. கலைப்பொருளைக் காக்கும் மனைக்கும் காவல் வேண்டியிருத்தலை அதனால் அறிகின்றோம்.

இனி எம் அனுபவத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணவர் இருபதின்மரை அழைத்துக்கொண்டு தென்காசியில் பொதிகை விரைவு வண்டி ஏறினோம். இரவெல்லாம் சென்று விடியலில் எழும்பூர் இறங்கினோம். நிலையத்திலிருந்து சாலை நடந்து செல்லுந் தொலைவே ஆகலின், பலகாரம் உண்டு, வரிசையாக நடத்திச் சென்றோம். வாயில் அடைத்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அச்சாலைக்கு விடுமுறை வெள்ளியே என்பதை யாம் கேட்டறியாது புறப்பட்டது எம் குற்றம். மாணவர் முகத்தைக் காண எமக்கு நாணமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று எண்ணிப் பழகிய ஆசிரியப் புத்தி! அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஒருவாறு அமைதிப்படுத்தி, மறுநாட் காலை மீண்டும் சென்றோம். செல்லக் கருதும் அன்பர்கள் கிழமையை நினைவிற் கொள்க.

அன்று செப்புத் திருமேனிக் கூடத்தைக் கண்ட பின்னர், ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் வைத்திருக்கும் பகுதிக்கு வந்தோம். கடையநல்லூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு எம்மை நோக்கி, "ஐயா, இது நம் ஆற்றங்கரை மண்ணில் எடுத்த பொருளாயிற்றே! இதைக் காண நாம் எதற்கு இரவெல்லாம் வண்டியில் வந்தோம்?" என்றான். மற்றையோர் சிரித்தனர். யாம் சிரிக்கவில்லை.

அப்பொருள்களின் கதை நம்மவர் அறிந்திருக்க வேண்டுவதொன்று. ஆதிச்சநல்லூர் பொருநையின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் உள்ளது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பறம்பு ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடைய ஈமக்காடு. 1876-இற் பெர்லின் நகரத்து யாகோர் என்பார், மாவட்ட ஆட்சித்தலைவரும் பொறியாளரும் உடன்வரச் சென்று அங்கே தோண்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் எலும்புகளும் அவரோடு கடல் கடந்து பெர்லினுக்குச் சென்றன. தடுப்பார் எவரும் இலர். தடுக்க வேண்டுமென்னும் எண்ணமும் அக்காலத்து எழவில்லை. பின்னர் 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ என்பார் அரசினர் சார்பில் அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும், எருமை, சேவல் முதலிய உருவமைந்த வெண்கலக் கலங்களும், வேலும் வாளும் கிடைத்தன. அவற்றுக்கு அவர் வகுத்த விரிவான பட்டியல் 1915-இல் அச்சேறிற்று. அப்பொருள்கள் சென்னைக் காட்சிச்சாலையை அடைந்தன.

ஆகவே அம்மாணவனுக்கு முதல்விடை இதுவாம்: சென்னையில் அச்சாலை இல்லாதிருந்தால் அவ்வெண்கல எருமையும் பெர்லினுக்கோ இலண்டனுக்கோ சென்றிருக்கும்; அன்றேற் பாத்திரக் கடையில் உருகிக் குடமாயிருக்கும். நம் முன்னோர் அப்பறம்பில் அகப்பட்ட தாழியைக் கல்லெறிந்து உடைத்தனரேயன்றிப் போற்றினாரல்லர். இதனை ஒளித்துப் பேசுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

எனினும் அவ்விடை முழுவிடை ஆகாது. 175 ஆண்டுகளுக்கு முன் மாகாணம் முழுமைக்கும் ஒரே சாலை இருந்தமையின், கிடைத்தவை யாவும் ஓரிடத்தே குவிதல் முறையாயிருந்தது. இன்று நிலை வேறு. பாளையங்கோட்டையில் அரசினர் அருங்காட்சியகம் உண்டு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் நம் குற்றாலத்திலும் ஒரு சிறு அகழ்வைப்பகம் நிறுவினர். ஆதிச்சநல்லூரிலேயே 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அகழ்ந்த குழியின்மேற் கண்ணாடி பரப்பித் தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காணுமாறு மத்தியத் தொல்லியல் துறையார் அமைத்துள்ளனர். திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் எழுமென்று 2021-இல் அரசினர் அறிவித்து, 2023-இல் அதற்கு அடிக்கல்லும் நாட்டினர். ஆகலின், சென்னைச் சாலை தன் 175-ஆம் ஆண்டில் ஆற்றத்தக்க பணி, இன்னும் சேர்த்தல் அன்று. சேர்த்தவற்றுட் சிலவற்றை அவை பிறந்த மண்ணுக்கு முறைவைத்து அனுப்பிக் காட்டுதலே என்பது எம் கருத்து. நிலையாகத் தருக என்று யாம் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, குற்றாலச் சாரற் காலத்து இரண்டு திங்கள், அந்நெற்றிப்பட்டம் ஒன்று பாளையங்கோட்டைக்கு வந்திருக்குமாயின் நம் சிறுவர் எத்துணைப் பேர் காண்பர்!

அச்சாலையில் யாம் நெடுநேரம் நின்ற இடம் மற்றொன்று. அது திருவாலங்காட்டு நடராசர் திருமுன். பிரெஞ்சு நாட்டுச் சிற்பியார் ரோதென் அத்திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து எழுதிய கட்டுரை 1921-இல் வெளிவந்தது; அதன் பின்னரே உலகம் நம் கூத்தனை உற்று நோக்கிற்று. நேரிற் காணாது படத்தில் மட்டும் கண்டவர்க்கே அத்துணை வியப்பு. நம் மாணவர் நேரிற் கண்டு, இரண்டு நிமிடத்தில் அடுத்த கூடத்துக்குப் போகலாமா என்றனர். அவர்மேற் குற்றமில்லை, கண்ணைப் பழக்காத ஆசிரியர்மேலது குற்றம்.

கூத்தனுக்கு ஐந்து சபைகள் உண்டென்பதை நம்மவர் அறிவர். திருவாலங்காடு இரத்தினசபை, தில்லை பொற்சபை, மதுரை வெள்ளிசபை, நெல்லை தாமிரசபை, நம் குற்றாலம் சித்திரசபை. திருவாலங்காட்டிலிருந்து வந்த அச்செப்புத் திருமேனி இன்று காட்சிச்சாலைக் கண்ணாடிக்குள் நிற்கின்றது. நம் சித்திரசபையிலோ கூத்தன் சுவரிலேயே ஓவியமாக எழுதப்பெற்றிருக்கின்றான். அவனை வண்டியில் ஏற்ற இயலாது. கடல் கடத்தவும் இயலாது. சுவர் நின்றால் அவனும் நிற்பான். சுவர் உதிர்ந்தால் அவனும் உதிர்வான். எழும்பூரில் அத்திருமேனியின் முன் நின்றபொழுதுதான் எமக்கு இவ்வேறுபாடு தோன்றிற்று. ஊருக்குத் திரும்பிய மறுவாரமே குற்றாலம் சென்றோம்.

குற்றாலநாதர் திருக்கோயிலுக்கு வருவோருட் பலர் அருவியாடி, சங்குவடிவான கோயிலில் வணங்கி, மிளகாய்ப் பஜ்ஜியும் நுங்கும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். சித்திரசபை கோயிலினின்று தனியே அமைந்தது, முன்னே தெப்பக்குளம், கூட்டத்தின் ஆரவாரம் அங்கே குறைவு. உள்ளே புகுந்தாற் சுவரெங்கும் ஓவியம். நடுவில் சிவகாமியம்மையுடன் ஆடல்வல்லான். சுற்றிலும் திருவிளையாடற் காட்சிகள், மீனாட்சியம்மை திருமணம், வைரவர் வடிவங்கள், துர்க்கை வடிவங்கள், அறிதுயில் கொள்ளும் பத்மநாபர். சைவக் கூத்தன் சபையில் மலைக்கு மேற்பாலுள்ள திருவனந்தபுரத்துப் பெருமாளும் இடம் பெற்றிருத்தல் இவ்வெல்லைநாட்டின் இயல்புக்குப் பொருத்தமே. ஓவியநடை நாயக்கர் காலத்தில் வழங்கியதைத் தழுவியது. கண்ணும் முடியும் அணியும் அதனை நன்கு காட்டும்.

எம் எண்ணம் யாதெனின், இதுவே நம் நாட்டின் பழைய கலைக்கூடம். காட்சிச்சாலை என்னும் சொல் பிறக்கும் முன்னரே, எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் அவன் மனைவியும் மக்களும் வந்து நின்று, புராணத்தைச் சுவரிற் கண்டு படித்த பள்ளி இது. நுழைவுச்சீட்டு இல்லை, வெள்ளிக்கிழமை விடுமுறையும் இல்லை. இதற்கு ஆண்டுவிழா எடுப்பார் மட்டும் இல்லை.

அன்று யாம் அங்குக் கண்டவை சிலவற்றை வருத்தத்தோடு கூறுகின்றோம். கையெட்டும் உயரத்தில் வண்ணம் தேய்ந்திருந்தது. ஓரிடத்திற் சுண்ணம் உப்பிப் பெயர்ந்திருந்தது. மற்றோரிடத்தில், யாரோ இருவர் தம் பெயரை ஆணியாற் கீறி நடுவில் நெஞ்சுருவமும் இட்டிருந்தனர்; அவர் காதல் வாழ்க, கை முறிக! குற்றாலக் காற்று ஈரமிக்கது. ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களிற் சாரல் ஓய்வதில்லை. சுண்ணச்சுவர் அவ்வீரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் ஈரம் உலரச் சுவருக்குள் கரைந்திருந்த உப்பு வெளிப்போந்து வண்ணத்தைத் தள்ளும். விளக்கெண்ணெய்ப் புகையும் வௌவாற் கழிவும் மேலே படியும். இவை யாவும் ஒரே நாளிற் செய்வதில்லை. ஆகவே எவரும் காண்பதில்லை.

இங்கேதான் சென்னைச் சாலை நமக்குப் பயன்படும் என்று கருதுகின்றோம். அச்சாலையில் 1930-ஆம் ஆண்டு தொட்டுப் பொருட் பாதுகாப்புக்கென வேதியியற்கூடம் ஒன்று நடந்து வருகின்றது. அதனைத் தொடங்கி நடத்தியவர் பரமசிவன் என்னும் அறிஞர். மண்ணுட் புதைந்த செப்புத் திருமேனிகளைப் பச்சை நிறப் பொடியாக அரித்துக்கொண்டே செல்லும் நோய் ஒன்று உண்டு. உப்பின் கூறு உலோகத்துள் ஒளிந்திருந்து, காற்றின் ஈரம் பட்டவுடன் மீண்டும் மீண்டும் எழுவது அது. காரநீரில் திருமேனியை நிறுத்தி மின்னோட்டம் செலுத்தினால் அவ்வுப்பு வெளிப்பட்டு நீங்கும். இம்முறையாற் காக்கப்பெற்ற திருமேனிகள் பல இன்று அக்கூடத்தில் நிற்கின்றன. பரமசிவன் அவர்களே தஞ்சைப் பெரியகோயில், சித்தன்னவாசல் முதலிய இடங்களின் சுவரோவியங்களையும் ஆராய்ந்து, சுண்ணம் எத்துணைப் படை, வண்ணம் எக்கல்லினின்று எடுத்தது என்றெல்லாம் வகைப்படுத்தினார். தஞ்சையில் 1931-இற் கோவிந்தசாமி என்னும் பேராசிரியர், நாயக்கர் கால ஓவியத்தின் கீழே சோழர் கால ஓவியம் மறைந்து கிடத்தலைக் கண்டறிந்தார். மேற்படையைச் சிதைக்காது பெயர்த்தெடுத்து வேறு தளத்தில் ஒட்டிக் காக்கும் முறையும் பின்னாளில் அங்கே கையாளப்பெற்றது. ஆகவே கலை இல்லை, கருவி இல்லை, அறிவு இல்லை என்று நாம் சொல்லுதற்கில்லை.

சுவரோவியத்தைக் காவாது விட்டால் யாதாகும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் கடையநல்லூர்க்கு அண்மையில் திருமலைபுரம் என்னும் ஊரின் குன்றில் முற்காலப் பாண்டியர் குடைந்த குகைக்கோயில் உள்ளது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ருய் அங்கே பாண்டியர் கால ஓவியம் இருத்தலைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம்! சித்தன்னவாசலோடு ஒருங்கெண்ணத்தக்கது. இன்று அங்குச் செல்வார்க்குக் கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகளே புலப்படும். எஞ்சியவற்றைப் புகையும் காலமும் தின்றுவிட்டன. நம் ஊர்களிலிருந்து சித்தன்னவாசலுக்குச் சுற்றுலாச் செல்வோர் உளர். திருமலைபுரம் ஏறியவர் எம் மாணவருள் மூவரே.

திருமேனிகள் மட்டும் சுவரைப் போல் அசையாதிருப்பதில்லை. அவற்றுக்குக் கால் முளைக்கும். கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயில் நடராசர் திருமேனி 1982-இற் களவு போயிற்று. எங்கெங்கோ கைமாறி, ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் ஒன்றில் விலைகொடுத்து வாங்கப்பெற்று, அங்கே அருங்காட்சிப் பொருளாக நின்றது. 37 ஆண்டுகள் கழித்து 2019-இற் கூத்தன் ஊர் திரும்பினான். மேளமும் மாலையுமாக மக்கள் எதிர்கொண்ட காட்சியை நம்மவருட் பலர் கண்டிருப்பர். அவன் நம் கூத்தனே என்று மெய்ப்பித்தற்குத் துணைசெய்தது யாது? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னாளில் நம் கோயில்தொறும் சென்று எடுத்து வைத்திருந்த ஒளிப்படமே. அந்த ஒரு படம் இல்லையேல், எம் கடவுள் என்று நாம் கதறினும் கேட்பார் இலர். கோயிலிற் பூசைபெற்ற திருமேனி களவு போனால் அது கோயிலுக்கே மீளவேண்டும் என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை. புதையலாகக் கிடைத்தது காட்சிச்சாலைக்கு உரியது. பூசைக்கு உரியது கோயிலுக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார் உளர். அவர் பேச்சு ஆரவாரத்துக்கு ஆகும், வழக்குமன்றத்துக்கு ஆகாது.

புதையல் என்றமையால் நம் அன்பர்க்கு ஒரு சட்டச்செய்தியும் கூறல் கடன். நம்மவருள் வீடு கட்டுவோரும் கிணறு வெட்டுவோரும் பலர். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, மண்ணுள் மறைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் அதனை ஆட்சித்தலைவர்க்கு அறிவித்தல் வேண்டும். மறைத்தவர்க்குத் தண்டம் உண்டு. ஓராண்டுச் சிறையும் உண்டு. அறிவித்தவர்க்கோ, அரசினர் அப்பொருளை எடுத்துக்கொள்ளின், பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தரவேண்டுமென்று அச்சட்டமே கூறுகின்றது. சென்னைக் கூடத்திலுள்ள திருமேனிகளுட் பல இவ்வாறு ஏர்முனையிலும் மண்வெட்டியிலும் தட்டுப்பட்டு வந்தவையே. இனி, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், திருமேனி முதலியவற்றை வீட்டில் வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏட்டுச்சுவடி முதலியவற்றுக்கு 75 ஆண்டே தொல்பொருளாதற்குரிய வரையறை. பதிவுக்கு அஞ்சிப் பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போடுவாரை யாம் கண்டிருக்கின்றோம். பதிவு செய்தலாற் பொருள் பறிபோகாது, உரிமை உறுதிப்படுகின்றது.

பிறரைக் குறைகூறும் முன் எம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுதல் நேர்மை. எம் பாட்டனார் மருத்துவ ஏடுகள் சிலவும், குடும்பத்து நிலவுரிமை பற்றிய ஓலைகளும், வண்ணம் தீட்டிய பழைய கண்ணாடிப் படம் ஒன்றும் மரப்பெட்டியில் வைத்திருந்தார். ஆண்டுதோறும் கலைமகள் பூசையன்று எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, பொட்டிட்டு மீண்டும் கட்டி வைப்பார். அவர் மறைவுக்குப் பின் எண்ணெய் தடவுவார் இல்லை. பொட்டு மட்டும் தொடர்ந்து இடப்பெற்றது. யாம் புலவர் வகுப்பிற் சேர்ந்து, ஏட்டின் அருமையை நூலிற் படித்து, விடுமுறையில் ஓடிவந்து பெட்டியைத் திறந்தபொழுது, செல்லரித்த பொடியை இரு கையாலும் அள்ளினோம். கண்ணாடிப் படம் வெள்ளையடிக்கும்போது உடைந்துவிட்டதென்று எம் அன்னையார் கூறினார். அவ்வேடுகளில் இருந்தது யாதென்று இனி எவரும் சொல்ல இயலாது. ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றாரை ஏசும் உரிமை எமக்கு எவ்வளவு உண்டென்று அன்று முதல் எண்ணி வருகின்றோம்.

தென்காசிக் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன் செயல் ஈண்டு நினைக்கத்தக்கது. 15-ஆம் நூற்றாண்டின் இடையில் அவன் அக்கோயிலை எடுத்தான். கோபுரம் முற்றுப்பெறுமுன் அவன் காலம் முடிய, அவன் தம்பி குலசேகர பாண்டியன் பணியை முடித்தான். அவன் கல்லில் வெட்டுவித்த பாட்டின் கருத்து நம்மூர்ப் பிள்ளைகள் யாவரும் அறிந்தது: பின்னாளில் இக்கோயிலுக்குச் சிதைவு நேருமாயின், அதனைத் திருத்திக் காப்பவர் அடிகளில் தான் உலகறிய வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் கூறுகின்றான். முடிசூடிய வேந்தன், இன்னும் பிறவாதவன் காலில் முன்னதாகவே வீழ்கின்றான். தன் கட்டடம் என்றும் நிற்கும் என்று தருக்கினானல்லன். இடியும் என்று அறிந்தே கட்டினான்.

அவன் அஞ்சியவாறே ஆயிற்று. கோபுரம் பின்னாளில் தீப்பட்டுச் சிதைந்து, 'மொட்டைக் கோபுரம்' என்னும் பெயரோடு தலைமுறை தலைமுறையாக நின்றது. மக்கள் முயற்சியால் ஏறத்தாழ 180 அடி உயரத்தில் ஒன்பது நிலையோடு மீண்டும் எழும்பி 1990-இற் குடமுழுக்குக் கண்டது. அப்பொழுது எமக்கு வயது ஒன்பது. கோபுரவாயிலிற் புகும்பொழுது மேல்காற்று முகத்தில் அறைந்து பின்னே தள்ளும். எம் தந்தையார் எம் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "அவன் விழுந்த கால் இவர்களுடையது" என்று சாரத்தில் நின்ற கொத்தரைக் காட்டினார். அதன் பொருள் எமக்கு அன்று விளங்கவில்லை.

சென்னைச் சாலையின் 200-ஆம் ஆண்டு 2051-இல் வரும். இன்று எம் வகுப்பிலிருக்கும் சிறுவர்க்கு அப்பொழுது முப்பத்தைந்து, நாற்பது வயதாகும். அதற்குள் ஆகவேண்டியவை பெரிய செயல்கள் அல்ல. சித்திரசபையின் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு முழமாக, அளவுகோல் வைத்துத் தெளிவாகப் படமெடுத்து, ஒரு படி கோயிலிலும் ஒரு படி எழும்பூரிலும் ஒரு படி பாளையங்கோட்டையிலும் வைத்தல் வேண்டும். சுவரின் ஈரத்தை ஆண்டுதோறும் அளந்து குறித்தற்கு வேதியியற்கூடத்தார் ஒருவர் சாரற் காலத்தில் வந்து செல்லுதல் வேண்டும். கையெட்டும் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு வேண்டும். அதற்கு ஆகும் செலவு நம் சங்கத்தின் ஆண்டுவிழாப் பந்தற் செலவினும் குறைவாகவே இருக்கும் என்று தச்சர் ஒருவர் எமக்குக் கூறினார். கோயிற் பொறுப்பாளரும் அறநிலையத் துறையாரும் இசைந்தாலன்றி எவரும் அங்கு ஓர் ஆணியும் அடித்தல் ஆகாது. ஆகவே முறைப்படி விண்ணப்பம் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். அடுத்த செயற்குழுவில் அது வரும். அன்பர்கள் தம் கருத்தை அதன்முன் எழுதித் தெரிவிக்க.

ஏடுகள் வைத்திருக்கும் இல்லத்தார், அவற்றை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடாமலும் தாள்கடைக்குப் போடாமலும் எமக்கு ஓர் அட்டை எழுதினாற் போதும். யாமே வந்து பார்த்து, எண்ணெய் தடவிக் கட்டித் தருவோம். கொடுக்க மனமுடையார்க்குச் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ. வே. சாமிநாதையர் நூலகமும் உண்டு. கொடுக்க மனமில்லார் வீட்டிலேயே வைத்துக்கொள்க. படம் மட்டும் எடுத்துக்கொள்ள விடுக.

வரும் மார்கழித் திருவாதிரைக்குச் சித்திரசபையில் தாண்டவ தீபாராதனை நடைபெறும். அன்று வைகறையில் எம் மாணவரோடு அங்குச் செல்லக் கருதியிருக்கின்றோம். கடையநல்லூர்ப் பையனும் வருவதாகக் கூறியுள்ளான். இப்பொழுது கல்லூரியிற் படிக்கின்றான். உடன்வர விரும்பும் சங்கத்து இல்லத்தார் குழந்தைகளோடு முந்தின நாள் மாலையே தென்காசி வந்து சேர்வாராயின், தங்குதற்கு எம் வீட்டு மாடி உண்டு.